தண்ணி நிக்காத பாதை

— உட்காரு கியோங். நின்னுகிட்டே பொய் சொன்னா கால் வலிக்கும்.

— நான் இன்னும் வாயே திறக்கலையே அண்ணே.

— அதான் சொல்றேன், திறக்கறதுக்கு முன்னாடி உட்காரு. லேஹாக்கா, வாத்தியாருக்கு ஒரு கோப்பி குடுங்க. சீனி வேணாம். காலங்காத்தால கசப்பா ஒரு வேலை பண்ணிட்டு வந்திருக்காரு, நாக்கு அதுக்குப் பழகியிருக்கும்.

— அடுப்பை அணைச்சாச்சு லான். ஃபிளாஸ்க்குல மிச்சம் இருக்கறதைத்தான் ஊத்தணும். வாத்தியாரே, சைக்கிளை அந்தக் கம்பத்துல சாய்க்காதீங்க. கூடாரத்தைப் பாதி பிரிச்சுட்டேன். மேல விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது, எனக்கென்ன வந்துச்சு.

— ஏன்க்கா பிரிக்கறீங்க? இன்னும் நடக்க வர்ற கூட்டமே வரலையே. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம்கூட அப்படியே அடுக்கி இருக்கு.

— ஆபீஸ்காரங்க வந்தாங்க லான். எங்க வரிசை வீடு மொத்தமும் காலி பண்ணணுமாம். மழை முடியற வரைக்கும் ஸ்கூல் மண்டபத்துல படுக்கணுமாம். மேல மண்ணு சரியில்லையாம். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து சரியா இருந்த மண்ணு, இன்னைக்கு ஒரு பையன் குடையோட வந்து சொன்னதும் சரியில்லாமப் போச்சு. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போனான்.

— அவங்க வருஷா வருஷம் சொல்றதுதானே. பெரிசா எடுத்துக்காதீங்க.

— எடுத்துக்காம என்ன, பாயைச் சுருட்டியாச்சு. இந்தாங்க வாத்தியாரே, கோப்பி. முகமே சரியில்ல. ராத்திரி தூங்கலையா?

— தூங்கல அக்கா.

— எப்படித் தூக்கம் வரும்? சரி கியோங், நான் கேக்கறேன், நீ சொல்லு பார்ப்போம். விடிஞ்சதும் நான் மேல போனேன். காட்டுக்குள்ள நாம வெட்டின தேவாங்குப் பாதையில ஆரஞ்சு வலை கட்டியிருக்கு. குச்சி நட்டு, நம்பர் போட்டு, பெரிய பலகையே வெச்சிருக்கான்.

— பார்த்தேன் அண்ணே.

— நாம நுழையற இடத்துல கட்டியிருந்தா, நடக்க வந்த எவனோ பார்த்துட்டுச் சொல்லிட்டான்னு விட்டிருப்பேன். அங்க ஒரு இலைகூட நகரல. மேல் வளைவுல கட்டியிருக்கான். மூங்கில் புதருக்குப் பின்னாடி.

— பாருங்கண்ணே, அவங்க பூங்காவுல வேலை செய்யறவங்க. சுத்திச் சுத்திப் பார்த்திருப்பாங்க.

— யாரு, அவங்களா? தார் ரோட்டை விட்டு இறங்கினா சப்பாத்து அழுக்காயிடும்னு நினைக்கறவங்க. 'சைக்கிள் தார் ரோட்டில் மட்டும்'னு பலகை வெச்சாங்களே, அதை நடறதுக்கே வெளியாளைத்தான் கூப்பிட்டாங்க. அவங்களா மூங்கிலை விலக்கிப் பார்த்தாங்க?

— லான், அந்தக் கயித்தை அவுத்துக்கிட்டே பேசு. வாய்க்கு மட்டும் வேலை குடுத்தா எப்படி?

— அவுக்கறேன்க்கா. கியோங், வாய்க்கால் ஓரம் சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டுத்தான் போகணும், டயர் தடம் விழக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?

— நாமதான்.

— போனு, வாட்சு எல்லாத்தையும் அணைச்சு என் பையில போட்டுட்டுத்தான் ஏறணும்னு?

— நாமதான் அண்ணே.

— மண்ணு வெட்டாதவன் சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு? வங்கி மேனேஜர் ஒருத்தன் கார் விலைக்குச் சைக்கிள் வாங்கிட்டு வந்தானே, அவனையே மூணு ஞாயித்துக்கிழமை மண்ணு சுமக்க வெச்சோமே?

— வெச்சோம்.

— அவனுக்குக்கூடத் தெரியாத ஒரு வழி இருக்கு. மண்வெட்டியும் பாராங்கத்தியும் ஒளிச்சு வெக்கறதுக்கு நாம திறந்த குறுக்குவழி. ஓட்டறவனுக்கு அது தெரியாது, வெட்டினவனுக்குத்தான் தெரியும். வலை கட்ட வந்தவன் அந்த வழியா வந்திருக்கான். சேத்துல சப்பாத்துத் தடம் வரிசையா இருக்கு. வெட்டினது ரெண்டு பேரு. நான் சொல்லல. மீதி யாரு? ஸ்கூல்ல கணக்கு நீதானே சொல்லிக் குடுக்கறே?

— நீங்க ரெண்டு பேரும் சண்டையா? இத்தனை வருஷமா ஒரே குட்டையில புரண்டுட்டு வந்து, ஒரே தட்டுல சாப்பிட்ட சேத்து எருமைங்க. இன்னைக்கு என்ன வந்துச்சு?

— ஒண்ணுமில்ல அக்கா.

— ஒண்ணுமில்லையா? அக்காகிட்டயும் பொய்யா? இவங்க நமக்கு எத்தனை நாள் ஈரத் துணிக்குத் துண்டு குடுத்திருக்காங்க. சொல்லு.

— நான்தான் சொன்னேன்.

— சத்தமா.

— நான்தான் அண்ணே சொன்னேன். பூங்கா ஆபீசுக்குப் போனேன். நேத்து அவங்களைக் கூட்டிட்டுப் போய் இடத்தையும் காட்டினேன்.

— குறுக்குவழியில.

— ஆமா.

— நாம முட்டி போட்டுத் தவழ்ந்து, அட்டை கடிக்கக் கடிக்கத் திறந்த வழியில.

— ஆமா அண்ணே.

— இறங்கி வரும்போது நான் என்ன பண்ணேன் தெரியுமா? வேற பேரா தேடிட்டே வந்தேன். அந்தப் புதுப் பசங்கள்ல எவனாவது வாயை விட்டிருப்பான், குறுக்குவழியில என் பின்னாடி வந்திருப்பான், இல்ல நானே குடிக்காமலே உளறியிருப்பேன். உன் பேரு மட்டும் வந்துடக் கூடாதுன்னு ஊர்ல இருக்கற எல்லார் மேலயும் பழி போட்டுட்டு வந்தேன்டா.

— நான் உங்ககிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்.

— அன்னைக்கு மலையில காவல்காரன் என்னைப் பிடிச்சானே, ஞாபகம் இருக்கா? நீ பெரணிப் புதருக்குள்ள மூச்சடக்கிப் படுத்திருந்தே. 'கூட யாரு'ன்னு டார்ச்சை முகத்துல அடிச்சுக் கேட்டான். 'நான் தனி'ன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டான். தனின்னேன். சைக்கிளைப் பிடுங்கிட்டுப் போனான், அது இன்னைக்கு வரைக்கும் வரல. என் பொண்டாட்டி நகையைப் பார்த்தாக்கூட எனக்கு அவ்வளவு ஆசை வராது, அந்தச் சைக்கிள் மேல அவ்வளவு ஆசை. உன் பேரை நான் ஏன் சொல்லல? சொல்லு பார்ப்போம்.

— நான் கவர்மெண்டு வாத்தியாரு. வேலை போயிடும்னு.

— மறக்கலையே?

— மறப்பேனா அண்ணே.

— மறக்காமத்தான் வித்தியா? என்ன குடுத்தாங்க? அடிவாரத்துல சட்டப்படி ஒரு பாதை போட்டுத் தர்றோம்னாங்களா? ரெண்டு மேடு, ஒரு பெஞ்சு, ஹெல்மெட் போட்ட கரடி பொம்மை. திறப்பு விழாவுக்கு நீதான் ரிப்பன் வெட்டறியா?

— ஒண்ணும் குடுக்கல.

— சும்மாவே வித்தியா? அது இன்னும் கேவலம். வித்தவன் விலையாவது வாங்கியிருந்தா, நம்ம பாதைக்கு ஒரு மதிப்பு இருந்துச்சுன்னு மனசைத் தேத்திக்குவேன்.

— லான், போதும். முகத்தைப் பாரு, அழுதுடுவாரு போல. என்ன பெரிய பாதை? நீங்க விழுந்து எந்திரிக்க ஒரு இடம். அது இல்லன்னா வேற இடம்.

— உங்களுக்குத் தெரியாதுக்கா. தேவாங்குன்னு ஏன் பேரு வெச்சோம் தெரியுமா? முதல் நாள் இவன் மேல் வளைவுல பிரேக் பிடிக்காம நேரா போய் மரத்தைக் கட்டிப்பிடிச்சுட்டான். சைக்கிள் கீழ போயிடுச்சு, இவன் மேல தொங்கறான். கண்ணு ரெண்டும் இத்தாம் பெருசு. இறங்குடான்னா இறங்க மாட்டேங்கறான். அப்படி ஒரு சிரிப்பு அதுக்கப்புறம் நான் சிரிக்கல. அந்த வளைவைத்தான் இவன் காட்டிக் குடுத்திருக்கான்.

— அந்த வளைவு வெடிச்சிருக்கு அண்ணே.

— மண்ணுன்னா வெடிக்கத்தான் செய்யும். காஞ்சா வெடிக்கும்.

— எங்க காஞ்சுது? ஊரே மழையில மிதக்குது. பாருங்கண்ணே, மூங்கில்ல ஆரம்பிச்சு அந்தப் பெரிய மெராந்தி மரம் வரைக்கும் ஒரே கோடா ஓடுது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போச்சு, அடி தட்டல. வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கற மண்ணு இந்தப் பக்கத்தை விடக் கீழ இறங்கியிருக்கு. மரமே சாய்ஞ்சு நிக்குது.

— மரம் எப்பவும் சாய்ஞ்சுதான் இருந்துச்சு.

— மலையைப் பார்த்துச் சாய்ஞ்சிருந்துச்சு. இப்ப கீழ பார்த்துச் சாய்ஞ்சிருக்கு.

— நீ என்ன மண்ணு டாக்டரா?

— இல்ல. அதனாலதான் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டேன். வந்தவரு அஞ்சு நிமிஷம்கூட நிக்கல. முகம் வெளுத்துப் போச்சு. 'மேலேர்ந்து தண்ணியை யாரு இங்க திருப்பினது'ன்னுதான் முதல்ல கேட்டாரு.

— திருப்பாம? பாதையில தண்ணி நின்னா ஒரே மழையில குழி விழுந்துடும். மேல வாய்க்கால் கீறி ஒதுக்கிவிட்டாத்தான் பாதை நிக்கும். அது தெரியாதவன்லாம் என்ன ஆபீசரு?

— அதையேதான் நானும் பெருமையா நினைச்சுட்டிருந்தேன் அண்ணே. கொட்டற மழை நின்னு, இங்க வந்து ஒரு கோப்பி குடிச்சுட்டுப் போறதுக்குள்ள நம்ம பாதை காஞ்சிருக்கும். 'ரஸ்லான் வெட்டின பாதையில தண்ணி நிக்காது'ன்னு பினாங்குலேர்ந்து ஆள் வந்து போட்டோ பிடிச்சுட்டுப் போனாங்க. நிக்காத தண்ணி எங்க போகுதுன்னு நாம ஒரு நாள்கூடக் கேக்கல.

— எங்க போகுது வாத்தியாரே?

— அக்கா, நீங்க அந்தப் பொட்டலத்தை எடுத்து வைங்க. இது எங்க பேச்சு.

— பொட்டலம் கிடக்கட்டும் லான். நான் வாத்தியாரைக் கேக்கறேன். தண்ணி எங்க போகுது?

— பாதை முழுக்க வர்ற தண்ணியை மேல் வளைவுல ஒரு மூலைக்குத் திருப்பிவிட்டோம் அக்கா. அதுக்கப்புறம் காடுதானே, காடு குடிச்சுக்கும்னு நினைச்சோம். அந்தக் காட்டுக்கு நேர் கீழே உங்க வரிசை வீடு.

— அப்ப ஸ்கூல் மண்டபம் இதுக்குத்தானா?

— இதுக்குத்தான் அக்கா.

— யா அல்லா. அந்தக் குடைக்காரப் பையனை என்ன பேச்சு பேசினேன். 'உங்களுக்கு ஏழைங்க வீடுன்னா இளக்காரம்'னு கத்தினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். உங்க ரெண்டு பேருக்குத்தான் நீங்க கேக்காமலே மிளகாச் சம்பல் கூட வெச்சுக் குடுத்தேன்.

— அக்கா, இவன் சொல்றதைக் கேட்டுப் பயப்படாதீங்க. இவன் சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி. மெராந்தி வேரு மண்ணைப் பிடிச்சுக்கும். ரெண்டு நாள் வெயில் அடிச்சா எல்லாம் இறுகிடும்.

— அண்ணே, அந்த வெடிப்பு எனக்கு ஏன் முன்னாடியே தெரியலன்னு நீங்க கேக்கலையே.

— ஏன்?

— மூடியிருந்துச்சு. செம்மண்ணு கொண்டாந்து நிரப்பி, மேல பெரணி நட்டு, இலையைப் பரப்பியிருந்துச்சு. போன வாரத்து மழையில அந்த மண்ணு அப்படியே உள்ள போயிடுச்சு, பெரணி தலைகீழாத் தொங்குது. அப்பத்தான் பார்த்தேன். ஆபீசர் 'யாரு மூடினது'ன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன்.

— தெரியாதுதானே.

— தெரியும். உள்ள போகாம ஒரு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. மண்வெட்டியோட பின்பக்கத்தால குறுக்க ஒரு தடவை, நெடுக்க ஒரு தடவை தட்டி இறுக்கியிருந்துச்சு. நான் காலால மிதிக்கற ஆளு. 'மாடு மாதிரி மிதிக்காதே, தட்டு'ன்னு எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கீங்க. அப்படித் தட்டறவரு இந்த மலையில ஒருத்தருதான். பேசுங்க அண்ணே. இவ்வளவு நேரம் பேசினீங்களே.

— நிரப்பினேன்.

— எப்ப?

— நோன்புக்கு முன்னாடி. அப்ப விரல் நுழையற அளவுதான்டா இருந்துச்சு. வாய்க்காலை வேற பக்கம் திருப்பிடலாம்னு இருந்தேன். நோன்பு வெச்சுட்டு வெட்ட முடியல, பெருநாள் கழிச்சுப் பார்க்கலாம்னேன். பெருநாள் கழிஞ்சுது, விருந்தாளி வந்தாங்க, அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ ஆபீசுக்குப் போவே.

— போயிட்டேனே.

— பார்த்தியா.

— இதுல பார்க்க என்ன அண்ணே இருக்கு? காட்டிக் குடுத்தவன்னு இவ்வளவு நேரம் என்னை உரிச்சீங்க. நான் பாதையைத்தான் காட்டிக் குடுத்தேன். நீங்க ஒரு சின்ன வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் போய் வாய்க்காலை அடைச்சிருக்கலாம். தினமும் என்கூட அந்த வெடிப்பு மேலயே ஓட்டிட்டு வந்து, இங்க உட்கார்ந்து சிரிச்சுப் பேசினீங்களே.

— உனக்குப் புரியாதுடா. என் சைக்கிள் கடையை மகன் எடுத்துக்கிட்டான். டயரைத் தொட்டாலே 'நீங்க விடுங்கப்பா'ங்கறான். வீட்டுல எந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் அது யாரோட இடமாவோ இருக்கு. அந்த மலையில மட்டும்தான் ஒருத்தன் என்னைத் தேடி வந்து, 'ரஸ்லான் அண்ணே, இந்த வளைவை எப்படி எடுக்கறது'ன்னு கேக்கறான். அதையும் மூடிட்டா நான் எங்கடா போவேன்? அந்த வெடிப்பைப் பார்த்தப்போ எனக்கு அது மட்டும்தான் தோணுச்சு. மறைச்சேன். ஆமா, மறைச்சேன்.

— ஆபீஸ்ல உங்க பேரை நான் சொல்லல.

— என்ன?

— பாதை, வாய்க்கால், எல்லாம் நான் தனியா வெட்டினதுன்னு சொல்லிட்டேன்.

— உனக்குப் பைத்தியமாடா? வேலை?

— ஸ்கூலுக்குத் தகவல் போயாச்சு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. என்ன ஆகும்னு தெரியல.

— ஏண்டா அப்படிச் சொன்னே?

— 'கூட யாரு'ன்னுதான் அவங்களும் கேட்டாங்க அண்ணே. எனக்கு வேற பதில் வரல.

— கேட்டீங்களாக்கா? கேட்டீங்களா இவன் சொல்றதை? இவனைப் போய் நான் 'வித்துட்டே, கேவலம்'னு... டேய், எந்திரி. இப்பவே ஆபீசுக்குப் போவோம். ரெண்டு பேருன்னு சொல்றேன். என்ன வேணா பண்ணட்டும், எனக்கு இழக்க வேலையா இருக்கு?

— போகலாம் அண்ணே. கோப்பியைக் குடிச்சுட்டுப் போகலாம்.

— லேஹாக்கா, நீங்களும் என்னை மன்னிச்சுடணும். ஆண்டவன் சாட்சியா சொல்றேன், பாதை போயிடுமேங்கற பயம்தான். மண்ணு வீடு வரைக்கும் வரும்னு என் புத்திக்கு எட்டவே இல்ல. எட்டியிருந்தா அன்னைக்கே ஓடி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனா? நீங்க என் கூடப் பொறந்த அக்கா மாதிரி.

— அது நிஜம் அக்கா. அண்ணன் கோவக்காரரு, பிடிவாதக்காரரு. ஆனா தெரிஞ்சே உங்களை அந்த வீட்டுல படுக்க விடற ஆள் இல்ல. அதுக்கு நான் பொறுப்பு.

— வாத்தியாரே, நீங்க பொறுப்பு எடுத்தது போதும். கொஞ்சம் சும்மா இருங்க. லான், உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்கக்கா. திட்டணும்னாலும் திட்டுங்க.

— திட்டல. நோன்பு ஆரம்பிச்ச வாரம், என் சமையக்கட்டுப் பின்சுவரு மேலேர்ந்து கீழ வரைக்கும் பிளந்துச்சு. பிள்ளைங்க பயப்படும்னு நான் யார்கிட்டயும் மூச்சு விடல. மறுநாளே நீ எப்படி லான், கூப்பிடாமலே சிமெண்ட் வாளியோட பின்வாசல்ல வந்து நின்னே?